உழைப்போர் உளமறிந்த கமலா சௌத்ரி

நுழையும்முன்

ஆலையில் நூல் அறுந்தால் தறி நின்றுவிடும். அது உடனே கண்ணுக்குத் தெரியும். அத்தறியை இயக்குபவரின் மனம் தளர்ந்தால் உடனே தெரிவதில்லை. துணியில் பழுதாகவும், பணிக்கு வாராமையாகவும், பூசலாகவும் சில நாள் கழித்தே அது வெளிப்படும். அத்தளர்ச்சியின் காரணங்களைத் தேடும் அறிவுத்துறை தொழிலக உளவியல் எனப்படும். விடுதலை பெற்ற இந்தியாவில் அத்துறைக்கு அடித்தளம் இட்டோருள் ஒருவரான கமலா சௌத்ரியின் வாழ்க்கையை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

குச்சனூர் வயலில் எழும் வினா

தேனி மாவட்டத்தில், மலைத்தொடர்களுக்கு இடையே கம்பம் பள்ளத்தாக்கு விரிந்து கிடக்கிறது. முல்லைப் பெரியாற்றின் நீரால் அங்கு 14,707 ஏக்கர் நிலம் இருபோகம் விளைகிறது. அப்பள்ளத்தாக்கில், சுரபி ஆற்றங்கரையில் அமைந்த ஊர் குச்சனூர். வெளியூரார் அதனைச் சனீசுவரர் கோயிலால் அறிவர்; உள்ளூரார்க்கு அது நெல் விளையும் ஊர்.

நடவுக் காலத்தில் அவ்வூர் வயல்களில் பெண்கள் வரிசையாக நின்று நாற்று நடுவர். பத்துப் பதினைந்து பேர் கொண்ட குழுவில் ஒருத்தி பின்தங்கினால், அருகில் நிற்பவள் அவள் பங்கிலும் கைவைத்து நட்டுக் கொடுப்பாள். குழுவை அழைத்து வரும் பெண்ணின் கையில் அளவுகோலும் இல்லை, பதிவேடும் இல்லை. ஆயினும் யாருக்கு இடுப்பு வலி, யார் வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல், யாருக்கும் யாருக்கும் பேச்சில்லை என்பதையெல்லாம் அறிந்தே அவள் வரிசையை அமைப்பாள். சேற்றில் நிற்கும் பதினைந்து பேரின் மனமும் அவளுக்குத் தெரியும். பொழுது சாய்வதற்குள் வயல் பச்சை கட்டிவிடும்.

பதினைந்து பேர் உள்ள இடத்தில் இது இயல்பாக நிகழ்கிறது. ஆயிரம் பேர் உழைக்கும் ஆலையில் யார் யாருடைய மனத்தை அறிவது? முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையே மேலாளர், மேற்பார்வையாளர், மேஸ்திரி எனப் படிகள் பல இருக்கும்போது, கீழ்ப்படியில் நிற்பவரின் துன்பம் மேற்படிக்கு எவ்வாறு சென்று சேரும்? இவ்வினாவுக்கு விடை தேடுவதையே கமலா சௌத்ரி தம் வாழ்நாட் பணியாகக் கொண்டார்.

இழப்பிலிருந்து எழுந்த கல்வி

கமலா சௌத்ரி 1920ஆம் ஆண்டு திசம்பர் 17ஆம் நாள் லாகூரில் பிறந்தார். இரவீந்திரநாத் தாகூர் நிறுவிய சாந்திநிகேதனில் பயின்றார். மரநிழலில் அமர்ந்து கற்பதும், கலையையும் அறிவையும் பிரிக்காமல் பயில்வதும் அங்கு வழக்கம். பாடநூலுக்கு வெளியே மனிதரை நோக்கும் பழக்கம் அவருக்கு இளமையிலேயே வாய்த்தது.

ஐ.சி.எஸ். அலுவலரான கேம் சௌத்ரியை அவர் மணந்தார். மணவாழ்வு தொடங்கிய குறுகிய காலத்திலேயே கணவர் கொலை செய்யப்பட்டார். இளம் வயதில் கைம்மை அடைந்த பெண் வீட்டுக்குள் ஒடுங்கி வாழவேண்டும் என்று சமூகம் எதிர்பார்த்த காலம் அது. கமலாவோ கல்வியைத் துணையாகப் பற்றிக்கொண்டார். மெய்யியலில் முதுகலைப் பட்டம் பெற்றார். பின்னர்க் கடல் கடந்து அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சமூக உளவியல் பயின்றார். 1949இல் முனைவர் பட்டம் பெற்றார். அவர் நாடு திரும்பியபோது, பிறந்த ஊராகிய லாகூர் வேறொரு நாட்டின் எல்லைக்குள் இருந்தது. கணவரை இழந்த அவருக்குத் திரும்பிச் செல்லச் சொந்த ஊரும் இல்லாது போயிற்று.

தலைவர் எனப்படுவர் யார்?

இரண்டாம் உலகப் போருக்குப் பின் மிச்சிகன் பல்கலைக்கழகம் சமூக உளவியலின் முதன்மையான ஆய்வுக்களமாக விளங்கியது. தனிமனிதரை மட்டும் ஆராய்ந்து வந்த உளவியல், மனிதர் குழுவாகச் சேரும்போது அவர்தம் எண்ணமும் நடத்தையும் எவ்வாறு மாறுகின்றன என ஆராயத் தொடங்கிய காலம் அது. அங்கு தியோடர் நியூகோம்ப் என்னும் பேராசிரியருடன் இணைந்து கமலா மேற்கொண்ட ஆய்வு 1952இல் வெளிவந்தது. இன்றளவும் தலைமைப் பண்பு குறித்து ஆராய்வோர் அதனை எடுத்துக்காட்டுகின்றனர்.

அவ்வாய்வின் வினா எளியது. ஒரு குழுவில் சிலர் மட்டும் தலைவராக ஏற்கப்படுவது ஏன்? உருவம், குரல், செல்வாக்கு எனப் பலரும் பலவற்றைக் கூறுவர். கமலாவின் ஆய்வு வேறொரு பண்பைச் சோதித்தது. வெவ்வேறு குழுக்களைத் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் உறுப்பினர்கள் தங்களுக்குள் யாரைத் தலைவராகக் கருதுகின்றனர் என்பது முதலில் கண்டறியப்பட்டது. பின்னர், குழுவிலுள்ள மற்றவர்கள் ஒரு செய்தி குறித்து என்ன கருதுவார்கள் என்பதை ஒவ்வொருவரும் கணித்துக் கூறுமாறு கேட்கப்பட்டனர். தலைவராகக் கருதப்பட்டோரின் கணிப்பு மற்றவர்களின் கணிப்பைவிடச் சரியாக இருந்தது.

இம்முடிவில் நுட்பமான ஒரு வேறுபாடும் உண்டு. குழுவின் பணியோடு தொடர்புடைய செய்திகளில்தான் தலைவர்களின் கணிப்பு மேம்பட்டு நின்றது. தொடர்பில்லாத செய்திகளில் அவர்களும் பிறரைப் போலவே இருந்தனர். பிறர் மனத்தை எல்லாவற்றிலும் ஊடுருவிக் காணும் தனியாற்றல் தலைவருக்கு இல்லை. தம் குழுவுக்கு எது முதன்மையோ, அதில் குழுவினரின் உள்ளத்தை அவர் அறிந்திருந்தார். நடவுக் குழுவை அழைத்து வரும் பெண்ணின் திறமும் இத்தகையதே. வயலில் பட்டறிவாக இருந்த ஒன்று, பல்கலைக்கழகத்தில் அளந்து காட்டப்பட்டது.

ஆலைகளின் நகரில்

அக்காலத்தில் நெசவாலைகளால் புகழ்பெற்ற இந்திய நகரங்களுள் ஒன்று அகமதாபாத். தென்னிந்தியாவின் மான்செஸ்டர் எனக் கோவையைச் சொல்வதுபோல், இந்தியாவின் மான்செஸ்டர் என அந்நகரைச் சொல்வர். 1918இல் அங்கு நடந்த ஆலைத் தொழிலாளர் போராட்டத்தின்போது காந்தியடிகள் உண்ணாநோன்பு மேற்கொண்டார். 1920இல் அனசூயா சாராபாயின் முயற்சியால் அங்கு தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. உழைப்போரின் குரலை முன்னரே கேட்டிருந்த நகரம் அது.

1947இல், இளம் அறிவியலாளரான விக்ரம் சாராபாயின் முயற்சியால் அகமதாபாத் நெசவுத் தொழில் ஆராய்ச்சிக் கழகம் தோன்றியது. அதன் சுருக்கப்பெயர் அதிரா. பிற்காலத்தில் இந்திய விண்வெளித் திட்டத்தின் தந்தை எனப் போற்றப்பட்ட சாராபாய், அப்போது பஞ்சையும் நூலையும் சாயத்தையும் அறிவியல் நோக்கில் ஆராய முனைந்திருந்தார். இழையின் வலிமையை அளக்க இயற்பியலும், சாயத்தைச் சோதிக்க வேதியியலும் இருக்க, தறியின் முன் நிற்கும் மனிதரை ஆராயவும் ஓர் அறிவியல் வேண்டும் என்று அவர் கருதினார். அதற்கென அமைந்த பிரிவின் பொறுப்பைக் கமலா ஏற்றார். 

ஆலை அவருக்குப் புதிய உலகம். பஞ்சுத் தூசி பறக்கும் கூடங்கள், பேச்சைக் கேட்கவிடாத தறியோசை, இரவும் பகலும் மாறிவரும் ஷிப்டு முறை, ஆண்களே நிறைந்த மேலாளர் அறைகள் என அனைத்தும் அவரது கல்விக்கூடத்திலிருந்து நெடுந்தொலைவில் இருந்தன. முதலாளியின் பக்கம் இருந்து வருபவரைத் தொழிலாளி நம்பமாட்டார்; தொழிலாளியின் குறையைப் பேசுபவரை மேலாளர் விரும்பமாட்டார். இருவருக்கும் நடுவே நின்று இருவரும் கூறுவதைக் கேட்டுப் பதிவு செய்வதே உளவியல் ஆய்வாளரின் பணி. உடனே தீர்ப்புக் கூறாதிருத்தல் அதன் முதல் ஒழுக்கம்.

> தெரியுமா?
>
> அமெரிக்காவின் சிகாகோ நகருக்கு அருகில் ஹாதார்ன் என்னுமிடத்தில் தொலைபேசிக் கருவிகள் செய்யும் தொழிற்சாலை இருந்தது. 1924 முதல் 1932 வரை அங்கு புகழ்பெற்ற ஆய்வுகள் நடைபெற்றன. விளக்கொளியைக் கூட்டினால் உற்பத்தி கூடுமா என்பதே தொடக்க வினா. ஒளிக்கும் உற்பத்திக்கும் நேரடித் தொடர்பு காணப்படவில்லை. எனவே, ஆய்வு மனிதரின் பக்கம் திரும்பியது. 20,000க்கும் மேற்பட்ட தொழிலாளர்களிடம் நேர்காணல் நடத்தப்பட்டது. ஆர்வர்டு பல்கலைக்கழகத்தின் எல்டன் மேயோ இவ்வாய்வுகளை உலகறியச் செய்தார். அவற்றின் முடிவுகள் குறித்து அறிஞரிடையே பின்னர் மாற்றுக் கருத்துகள் எழுந்தன. எனினும், தொழிலக உளவியலின் வளர்ச்சியில் அவை திருப்புமுனையாக அமைந்தன.

இரண்டு ஆலைகள், ஒரு பாடம்

கமலா தம் உடன் ஆய்வாளர் ஒருவருடன் இணைந்து இரண்டு நெசவாலைகளை ஒப்பிட்டு ஆராய்ந்தார். அவ்வாய்வு 1957இல் வெளிவந்தது. இரண்டும் பல வகைகளில் ஒத்த ஆலைகள். எனினும், ஒன்றில் பணியாற்றியோரிடம் ஊக்கமும் ஒற்றுமையும் மிகுந்திருந்தன. மற்றொன்றில் பூசலும் சோர்வும் மிகுந்திருந்தன. இதற்குக் காரணம் என்ன?

தொழிலாளரின் சோம்பல் என்றோ மேற்பார்வையாளரின் கடுமை என்றோ கூறிவிடுவது எளிது. கமலாவின் ஆய்வு உற்பத்தித் திட்டத்தைச் சுட்டிக்காட்டியது. சில துணி வகைகளை மட்டும் நிலையாக நெய்துவந்த ஆலையில், இன்ன நாளில் இன்ன வேலை என்பது அனைவருக்கும் முன்னரே தெரிந்திருந்தது. சந்தையின் போக்குக்கு ஏற்ப துணி வகையை அடிக்கடி மாற்றிய ஆலையில் நிலைமை வேறு. துணி வகை மாறினால் பாவு மாறும், ஊடை மாறும், தறியின் அமைப்பையும் மாற்றவேண்டும். நூற்புப் பிரிவு நெசவுப் பிரிவைக் குறைகூறும். நெசவுப் பிரிவு நூற்புப் பிரிவைக் குறைகூறும். மேலாளர்களின் நேரம் நாள்தோறும் இப்பூசலைத் தீர்ப்பதிலேயே கழியும்.

ஒருவரோடு ஒருவர் மோதிக்கொண்ட அம்மனிதர்கள் இயல்பிலேயே பூசல் விரும்பிகள் அல்லர். வேலை அமைக்கப்பட்ட முறை அவர்களை மோதவைத்தது. குறையை மனிதரிடம் தேடுவதற்கு முன் அமைப்பிடம் தேடவேண்டும் என்பதே இவ்வாய்வு தரும் பாடம். தண்டனையும் அறிவுரையும் தீர்க்கமுடியாத ஒரு பூசலைத் திட்டமிடல் தீர்க்கக்கூடும் என்பதை அது உணர்த்தியது.

அதே நகரில், அதே காலத்தில் நடந்த மற்றோர் ஆய்வும் இக்கருத்துக்கு வலுச் சேர்த்தது. இலண்டன் நகரின் டேவிஸ்டாக் நிறுவனத்தைச் சார்ந்த ஏ. கே. ரைஸ் என்பவர் 1953இல் காலிகோ ஆலையின் தானியங்கித் தறிக்கூடம் ஒன்றை ஆராய்ந்தார். அங்கு 224 தறிகள் இருந்தன. ஒருவர் நெய்வார்; ஒருவர் அறுந்த நூலை முடிவார்; மற்றொருவர் எண்ணெய் இடுவார். ஒவ்வொருவரும் தத்தம் வேலையை மட்டும் அறிந்தனர். மொத்தத் துணிக்கு ஒருவரும் பொறுப்பேற்க இயலவில்லை. புதிய தறிகள் வந்தும் எதிர்பார்த்த பயன் கிட்டவில்லை. குறிப்பிட்ட தறிகளுக்கு ஒரு சிறு குழு முழுப்பொறுப்பு ஏற்கலாம் என்ற கருத்து முன்வைக்கப்பட்டபோது, தொழிலாளர்களே விரைந்து குழுக்களை அமைத்துக்கொண்டனர். 64 தறிகளுக்கு ஏழு பேர் என்ற அளவில் அக்குழுக்கள் இயங்கின. தறிகள் அவையே, ஆட்களும் அவர்களே. ஆயினும் உற்பத்தி உயர்ந்தது. துணியில் பழுது குறைந்தது.

நெசவுத் தொழிலுக்கு ஆய்வு தேவை என்ற எண்ணம் தமிழகத்திலும் வேரூன்றியது. 1956இல் கோவையில் தென்னிந்திய நெசவுத் தொழில் ஆராய்ச்சிக் கழகம் நிறுவப்பட்டது. தென்னக ஆலைகளின் உற்பத்தித் திறன் குறித்த ஆய்வுகளுக்கு அது நிலைக்களமாயிற்று.

மேலாளர்க்கும் கல்வி

தொழிலாளிக்குப் பயிற்சி வேண்டும் என்பதை எவரும் மறுப்பதில்லை. மேலாளருக்கும் பயிற்சி வேண்டும் என்பது அக்காலத்தில் புதிய எண்ணம். 1961இல் அகமதாபாத்தில் இந்திய மேலாண்மை நிறுவனம் தோன்றியது. விக்ரம் சாராபாய் அதன் மதிப்புறு இயக்குநராகப் பொறுப்பேற்றார். அந்நிறுவனத்தின் முதல் ஆசிரியராக இணைந்தவர் கமலா சௌத்ரி. பாடத்திட்டம் வகுத்தல், ஆசிரியர்களைத் தேர்தல், அமெரிக்காவின் ஆர்வர்டு வணிகப் பள்ளியுடன் ஒத்துழைத்தல் எனத் தொடக்க ஆண்டுகளின் பெரும்பணி அவர் தோள்மேல் விழுந்தது.

இரண்டாண்டுப் பட்டயப் படிப்பு தொடங்கிய 1964ஆம் ஆண்டிலேயே, தொழில்துறையில் ஏற்கெனவே பணிபுரிவோருக்கான பயிற்சி ஒன்றும் ஜெய்ப்பூரில் நடத்தப்பட்டது. மூன்று நிலைப் பயிற்சி என்பது அதன் பெயர். ஒரே நிறுவனத்தின் உயர்நிலை, இடைநிலை, தொடக்கநிலை மேலாளர்கள் அதில் பங்கேற்றனர். இவ்வமைப்பு கருதத்தக்கது. இளைய மேலாளர் ஒருவர் மட்டும் புதிய கருத்தைக் கற்றுத் திரும்பினால், மேலுள்ளவர் அதனை ஏற்கமாட்டார். மேலுள்ளவர் மட்டும் கற்றுத் திரும்பினால், கீழுள்ளவருக்கு அது கட்டளையாகவே சென்று சேரும். எல்லாப் படியினரும் கற்றால்தான் நிறுவனம் மாறும். மாற்றம் என்பது தனிமனிதரின் செயலன்று; குழுவின் செயல் என்ற உளவியல் உண்மை இங்குப் பாடத்திட்டமாக உருப்பெற்றது. நிறுவனங்களில் மாற்றம் நிகழும் முறை குறித்து அவர் பின்னர் நூலும் எழுதினார்.

நிறுவனத்துக்கு முழுநேர இயக்குநர் தேர்வு செய்யப்பட்டபோது, அப்பொறுப்பு கமலாவுக்குக் கிட்டவில்லை. 1965இல் ரவி மத்தாய் முழுநேர இயக்குநரானார். கட்டியெழுப்பிய இல்லத்தில் தலைமைப் பதவி பிறருக்குச் சென்றபோதும் கமலா அங்கிருந்து உடனே விலகிவிடவில்லை. மேலும் சில ஆண்டுகள் அங்கேயே கற்பித்தார், ஆய்வு செய்தார். தலைமை என்பது பதவியிலிருந்து பிறப்பதன்று என்று இளமையில் ஆய்ந்துணர்ந்தவர் அவர். அவ்வாய்வின் உண்மையைத் தம் வாழ்விலேயே எதிர்கொள்ள நேர்ந்தது.

ஆலையிலிருந்து தரிசு நிலத்துக்கு

1970களில் கமலா சௌத்ரி ஃபோர்டு அறக்கட்டளையில் ஆலோசகராகப் பணியாற்றினார். அப்பணி சிற்றூர்களின் நிலத்தையும் நீரையும் காட்டையும் அவர் பார்வைக்குக் கொணர்ந்தது. 1985இல் நடுவணரசு தேசியத் தரிசு நில மேம்பாட்டு வாரியத்தை அமைத்து, அதன் தலைவராக அவரை அமர்த்தியது. ஆண்டுதோறும் 50 இலட்சம் எக்டேர் தரிசு நிலத்தில் விறகும் தீவனமும் தரும் மரங்களை வளர்ப்பது அரசு வகுத்த இலக்கு.

உளவியல் கற்றவருக்குத் தரிசு நிலத்தில் என்ன வேலை எனக் கேட்கலாம். கன்றை நடுவது எளிது. ஆட்டுக்கும் மாட்டுக்கும் வறட்சிக்கும் தப்பி அது மரமாவது அரிது. கன்றைக் காப்பவர் அவ்வூர் மக்கள். மரம் வளர்ந்தபின் விறகும் தழையும் தமக்குக் கிட்டும் என்ற நம்பிக்கை இருந்தால் மக்கள் அதனைக் காப்பர். அரசின் மரம் என எண்ணினால் காக்கமாட்டார். விறகு தேடி நெடுந்தொலைவு நடப்பவர் பெண்கள். ஆகவே, எந்த மரம் வேண்டும் என்பதை அவர்களிடமே கேட்கவேண்டும். ஆலையில் கேட்ட அதே வினாவை இங்கும் கேட்க வேண்டியிருந்தது. பணியைச் செய்வோரின் மனம் அறியாமல் வகுக்கும் திட்டம் எவ்வளவு பெரிதாயினும் தாளில்தான் வளரும். இலக்கின் அளவு பெரிது. களத்தில் அதனை எட்டுதல் எளிதாக இருக்கவில்லை. ஆயினும், நிலத்தைத் திருத்தும் பணி மக்களின் பங்கேற்போடு நிகழவேண்டும் என்ற எண்ணம் அக்காலத்தில் வலுப்பெற்றது.

கமலா சௌத்ரி 2006ஆம் ஆண்டு மறைந்தார்.

நிறைவாக

யாரிடம் எவ்வினையை ஒப்படைப்பது என ஆராய்தற்குத் திருவள்ளுவர் தெரிந்து வினையாடல் என்னும் அதிகாரத்தையே வகுத்துள்ளார். வினையும் மனிதரும் பொருந்தவேண்டும் என்பது தமிழருக்குப் பழைய சிந்தனை. கமலா சௌத்ரி அச்சிந்தனையை இக்கால ஆலையிலும் அலுவலகத்திலும் தரிசு நிலத்திலும் ஆய்வுநெறியாகக் கைக்கொண்டார்.

கம்பம் பள்ளத்தாக்கின் இளைஞர்கள் நாளை நூற்பாலைக்கும், மென்பொருள் நிறுவனத்துக்கும், மருத்துவமனைக்கும், அரசு அலுவலகத்துக்கும் பணியாற்றச் செல்வர். அவர்களுள் சிலர் பத்துப் பேருக்கேனும் தலைமை தாங்குவர். பணியாளர் ஒருவர் தொடர்ந்து தவறு செய்யும்போது, அவரைக் கடிவதற்கு முன் அவருடைய வேலை எவ்வாறு அமைந்துள்ளது எனக் கேட்கும் பொறுமை அவர்களுக்கு வேண்டும். குச்சனூர் வயலில் நாற்றைக் கையிலெடுக்கும் முன்பே தன் குழுவின் முகங்களை ஒருமுறை பார்த்துக்கொள்ளும் பெண்ணிடம் அப்பொறுமை இருக்கிறது. கமலா சௌத்ரியின் வாழ்க்கை அப்பொறுமைக்கு அறிவியலின் துணையைச் சேர்த்துத் தந்திருக்கிறது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் குழுவாகச் செய்யப்படும் தொழில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அக்குழுவில் வேலை எவ்வாறு பகிர்ந்தளிக்கப்படுகிறது என்பதை நேரில் கண்டு ஒரு பக்க அளவில் எழுதுக.
2. வகுப்பில் அல்லது விளையாட்டுக் குழுவில் ஏற்பட்ட பூசல் ஒன்றை நினைவுகூர்க. அதற்குக் காரணம் மனிதரா, வேலை அமைந்த முறையா எனக் குழுவில் கலந்துரையாடுக.
3. தலைமைப் பண்பு குறித்துக் கமலா சௌத்ரியின் ஆய்வு கண்ட முடிவை உங்கள் சொற்களில் விளக்குக.
4. திருக்குறளில் தெரிந்து வினையாடல் அதிகாரத்தைப் படித்து, அதன் கருத்துகளை இப்பாடத்தோடு ஒப்பிட்டு வகுப்பறையில் உரையாற்றுக.